உடல் தோற்றம் வேறு, தன்னுடற்பார்வை வேறு

திருகோணமலையில் பெண்களுக்காக நடைபெறும் விழிப்புணர்வுக் கருத்தரங்குகளில் 'பொடி இமேஜ்' (body image) என்ற ஆங்கிலத் தொடரை 'உடல் தோற்றம்' என்றே பெயர்த்து வருகிறார்கள். அண்மையில் ஒரு கருத்தரங்கில், "இசையும் ஊடகங்களும் பெண்களின் உடல் தோற்றத்தைப் பாதிக்கின்றன" என்று கையேட்டிலிருந்து வாசிக்கப்பட்டபோது, முன்வரிசையில் இருந்த தாயொருவர் வளவாளரிடம், "பாட்டுக் கேட்டா உடம்பு மாறுமோ, பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பிழையில்லை. வரி சொன்னதைத்தான் அவர் விளங்கிக்கொண்டார்.

'இமேஜ்' இலத்தீன் 'இமாகோ'விலிருந்து வந்தது. உரு, சாயல் என்று பொருள். ஒஸ்திரிய உளமருத்துவர் போல் ஷில்டர் 1935இல் வெளியிட்ட நூலில், நம் உடலைப் பற்றி நம் மனத்தில் நாமே அமைத்துக்கொள்ளும் படம் என்று 'பொடி இமேஜை' விளக்கினார்.

தோற்றம் என்பதோ பிறர் கண்ணுக்குப் புலப்படுவது. 'அவளுடைய உடல் தோற்றம் பாதிக்கப்பட்டது' என்றால், தீக்காயம் பட்டதாகவோ நோயால் மெலிந்ததாகவோதான் தமிழர் எவரும் கொள்வர். ஓர் எடுத்துக்காட்டு: ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுப்பதாக அவ்வாண்டில் ஒரு மாணவிகூடச் சொல்லாதிருக்க, 1998இல் 11.3 சதவீதமானோர் அவ்வாறு சொன்னதாக அமெரிக்க உளமருத்துவர் ஆன் பெக்கர் குழுவினரின் ஆய்வு காட்டியது. அங்கே மாறியது தோற்றமா? தம் உடலைத் தாமே பார்த்த பார்வை அல்லவா மாறியது! 'உடல் தோற்றப் பிரச்சினை' என்று எழுதும்போது, பாடற்காட்சியை ஆக்கியவரிடமும் சிவப்பழகுப் பசை விற்பவரிடமும் இருக்க வேண்டிய குற்றம், கறுத்தவள் என்றும் பருத்தவள் என்றும் ஏற்கெனவே பேச்சுக் கேட்டுவரும் பெண்பிள்ளையின் உடம்பின்மேல் ஏற்றப்படுகிறது. இதைச் சிறு பிழையென்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

'உடற்பிம்பம்' என்பாரும் உளர். அது தோற்றத்தைவிட மேலானதே. வடமொழிச் சொல் என்பதற்காக மட்டும் நான் அதை மறுக்கவில்லை. ஈழத்தில் நாம் 'விம்பம்' என்று எழுதிப் பழகிய அச்சொல், கண்ணாடியிலும் நீரிலும் விழும் நிழலுருவைக் குறிப்பது. உள்ளது எதுவோ அதையே விம்பம் காட்டும். நாம் பேசும் மனப்படமோ உள்ளதைத் திரித்துக் காட்டக்கூடியது. மேலும், தனியார் பேருந்தின் திரையில் ஆடும் நடிகையின் உருவும் விம்பம்தான். 'விம்பம் உடற்பிம்பத்தைச் சிதைக்கிறது' என்று எழுதினால் எது திரையில், எது மனத்தில் என்று வாசகர் தடுமாறுவார்.

ஆகவே 'தன்னுடற்பார்வை' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். யாருடைய பார்வை, எதன்மீது என்ற இரண்டையும் அது ஒருங்கே சொல்லிவிடுகிறது. 'பாடற்காட்சிகள் பெண்களின் தன்னுடற்பார்வையைக் குலைக்கின்றன' என்றால் அந்தத் தாய்க்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆங்கில அறிக்கையை வரிக்கு வரி பெயர்த்து, தமிழில் உரக்க ஒருமுறை வாசித்தும் பாராமல் அச்சுக்கு அனுப்பும் வழக்கமே இதற்கெல்லாம் வேர். அதே கையேட்டில் 'நேர்மறை உடல் தோற்றத்தை வளர்ப்போம்' என்றொரு தலைப்பும் இருந்தது. அதனை உடற்பயிற்சிக்கான அழைப்பென்றே பலரும் கருதினர். 'நம் உடலை நாம் நன்றாகப் பார்க்கப் பழகுவோம்' என்று எழுத எந்த அகராதியும் வேண்டியதில்லை.