வெயிலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு முக்காட்டை எடுத்துவிடாதீர்கள்

தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் தருமபுரிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்களில் பலர், இந்தக் கோடையில், பையிலிருந்து முதலில் எடுத்து வைப்பது ஒரு மூலிகை கேப்சூல் டப்பாவைத்தான். வெயிலால் வரும் சுருக்கத்தையும் மங்கையும் அது உள்ளிருந்தே தடுத்துவிடும் என்று உறவினர் யாராவது சொல்லி விற்றிருப்பார். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிக்கும் ஓர் அம்மா, அந்த நம்பிக்கையில் தலை முக்காட்டையும், சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையையும் விட்டுவிட்டார். கன்னத்தில் மட்டும் இருந்த மங்கு இப்போது மூக்குத்தண்டு வரை ஏறியிருக்கிறது.

இவை அனைத்தும் வெறும் மாவு என்று நான் சொல்லவில்லை. மத்திய அமெரிக்கக் காடுகளில் வளரும் பாலிபோடியம் லியூகோடோமோஸ் என்னும் பெரணியின் சாறு, வெயிலில் தோல் சிவப்பதைச் சற்றுக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. நாள்தோறும் 55 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயுடன் 12 வாரம் உண்ட பெண்களிடமும் அத்தகைய சிறு பலன் தெரிந்தது. (ராயக்கோட்டையில் விலையின்றித் தக்காளியைச் சாலையோரம் கொட்டும் ஊர்க்காரர்கள், அதே தக்காளியில் உள்ள லைகோபீன் என்ற சிவப்புப் பொருளை டப்பாவில் அடைத்து விற்றால் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.) ஆனால் ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற பொருளின் மாத்திரையால் ஒட்டுமொத்தமாக எந்தப் பயனும் தெரியவில்லை. சன்ஸ்கிரீனுக்கு மாற்றாக எந்த மாத்திரையும் கிடையாது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2018இலேயே எச்சரித்துவிட்டது.

என்னைப் பொறுமையிழக்க வைப்பது "செடிதானே டாக்டர், என்ன செய்துவிடும்?" என்ற கேள்விதான். எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் பயன்படும் கார்போகரிசியில் உள்ள சோரலென் என்ற பொருள், தோலை வெயிலுக்கு அரணாக்குவதில்லை. வெயில் பட்டால் கொப்பளிக்கும் அளவுக்கு அதைக் கூருணர்வுடையதாக்குகிறது. பச்சைத் தேயிலைச் சாற்றின் ஈஜிசிஜி என்ற பொருளை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். பின்லாந்தில் 1994இல் வெளியான பெரிய ஆய்வில், பீட்டா கரோட்டின் உட்கொண்ட புகைப்பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியதே தவிரக் குறையவில்லை. பாலக்கோட்டு அம்மா நம்பிய, டப்பாவில் இருந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு) எண், உணவுப் பொருளுக்கான உரிமமே அன்றி மருந்துக்கான ஒப்புதல் அல்ல. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டியதும், அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வயல்காட்டில் வேலை செய்பவரால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீம் பூச இயலாது என்பது எனக்குத் தெரியும்; ஆகவே துணிதான் முதல் காவல். முக்காடும் முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போதும். வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிக்க முடிந்தால் முடித்துவிடுங்கள். பள்ளி, அலுவலகம் செல்கிறவர்கள் வெயில் காப்பு அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் தாராளமாகப் பூசுங்கள். கடுகளவு பூசுவது வீண். லாரி ஓட்டுநர்களே, பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் மட்டும் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். புற ஊதா ஏ கதிர் அதனூடே வரும்.

கருவுற்றவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், புகைப்பவர்களும் இந்த டப்பாக்களைத் தயவுசெய்து தாமாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே உட்கொள்பவர்களுக்குச் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவோ கண் மஞ்சளாகவோ தெரிந்தால், மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.