புள்ளிகளுக்கு நடுவே ஒரு வீடு

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு கொலை நடந்தால் இன்ஸ்பெக்டர் முதலில் விசாரிப்பது நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடும்பப் பகை. பெரும்பாலான கொலைகளில் கொன்றவரும் செத்தவரும் முன்பே பழகியவர்கள். அந்த நூலைப் பிடித்துப் போனால் ஆள் கிடைத்துவிடும். தொடர் கொலையாளி முன்பின் தெரியாதவர்களைக் கொல்கிறான், அதனால் பிடிக்க நூலே இருக்காது. யார் என்று தெரியாத நிலையில், எப்படிப்பட்டவன் என்பதையாவது அவன் செய்ததை வைத்துக் கணிக்கிற முறைதான் புரொஃபைலிங்.

அதற்கு முன் ‘சைக்கோ’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மும்பையில் 1968-ல் பிடிபட்ட தொடர் கொலையாளி ராமன் ராகவுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. இல்லாததை நிஜம் என்று நம்புகிற நோய் அது. சைக்கோபாத் என்பவன் வேறு வகை. அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், ஆனால் அடுத்தவர் வலி அவனுக்கு உறைக்காது. கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதை அளக்க 20 குணங்கள் கொண்ட பட்டியலை உருவாக்கினார். மொத்தம் 40 மதிப்பெண், வழக்கமாக 30-ஐத் தொட்டால் சைக்கோபாத். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். எங்கள் ஊர் பாகாயத்துக்கு மனநல சிகிச்சைக்கு வருகிறவர்களை யாராவது ‘சைக்கோ’ என்று சொன்னால் எனக்கு மனசு பொறுக்காது.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் 1970-களின் கடைசியில் சிறைகளுக்குப் போய் 36 கொலையாளிகளிடம் பேசினார்கள். ஆயுதத்தைக் கையோடு கொண்டுவந்தானா, அங்கே கிடந்ததை எடுத்தானா? உடலை மறைத்தானா, போட்டது போட்டபடி ஓடினானா? இதை வைத்துத் திட்டமிடுகிறவன், திட்டமில்லாதவன் என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004-ல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கேண்டர் குழுவினர் 100 தொடர் கொலையாளிகளின் வழக்குகளை ஆராய்ந்தபோது அப்படி இரண்டாகப் பிரியவில்லை. திட்டமிடுகிற தன்மை பெரும்பாலோரிடமும் இருந்தது, திட்டமில்லாதவன் என்று தனி வகை எதுவும் தெளிவாகக் கிடைக்கவில்லை.

மனசைப் படிப்பதைவிட வரைபடத்தைப் படிப்பது உறுதியானது என்பது என் கருத்து. கனடாவின் வான்கூவரில் போலீஸாக இருந்த கிம் ரோஸ்மோ 1990-களில் இதைக் கணக்காகவே மாற்றினார். அடிப்படை எளிது. குற்றவாளியும் நம்மைப் போலப் பழகிய தெருக்களில்தான் சுற்றுவான். தூரம் கூடக்கூடக் குற்றம் செய்யும் வாய்ப்பு குறையும். அதே சமயம், தன் வீட்டு வாசலிலும் செய்ய மாட்டான், அடையாளம் தெரிந்துவிடுமே!

ஒரு கற்பனைக்கு, சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், தொரப்பாடி என்று வேலூரில் குற்றம் நடந்த இடங்களாக மூன்று புள்ளிகள் வைப்போம். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் போட வேண்டும். புள்ளிக்கு மிக அருகில் மதிப்பு குறைவு, சற்றுத் தள்ளி உச்சம், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும். மூன்று வளையங்களின் மதிப்பையும் கூட்டினால் எங்கே அதிகமோ அங்கேதான் அவன் வீட்டை முதலில் தேட வேண்டும். தூரத்தைக் காக்கை பறக்கிற கணக்கில் அளக்கக் கூடாது, சாலை வழியாக அளக்க வேண்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் காட்பாடியிலிருந்து வண்டியில் வருகிறவர் பாலத்துக்குத்தானே வர வேண்டும்? ஆனால் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து, செய்துவிட்டுத் திரும்பிப் போகிறவனிடம் இந்தக் கணக்கு தோற்றுவிடும். அவன் வீடு புள்ளிகளுக்கு நடுவே இல்லை.

இதே கணக்கு நோயின் ஊற்றையும் தேடித் தருகிறது. லண்டனில் 1854-ல் காலரா பரவியபோது இறந்தவர்களின் வீடுகளை வைத்து ஜான் ஸ்னோ ஒரு தெருக் குழாயைக் குற்றம் சாட்டினார். அந்தப் பழைய புள்ளிகளை இந்த முறையில் இட்டுப் பார்த்தபோதும் அதே குழாய்தான் முன்னால் வந்து நின்றது. ஒரு தெருவில் பத்து வீட்டில் டைபாய்டு வந்தால் நாமும் அப்படித்தானே குடிநீர்க் குழாயைத் தேடுவோம்?

லண்டனிலேயே 1986-ல் ரயில் நிலையங்களை ஒட்டிப் பெண்களைத் தாக்கிக் கொன்றவனைத் தேடினார்கள். சந்தேகப் பட்டியலில் கிட்டத்தட்ட 2,000 பேர். புள்ளிகளைப் பார்த்த கேண்டர், அவன் கில்பர்ன் பக்கம் குடியிருப்பவன், மணமாகி மனைவியோடு ஒத்துப்போகாதவன் என்றார். பட்டியலின் அடியில் கிடந்த ஜான் டஃபி மேலே வந்தான். கண்காணித்தார்கள், பிடித்தார்கள், தடயங்கள் கிடைத்தன. இதுதான் இந்தக் கருவியின் சரியான வேலை. யாரை முதலில் விசாரிப்பது என்று வரிசை போட்டுக் கொடுக்கும். இவன்தான் என்று அதனால் சொல்ல முடியாது.

அப்படிச் சொல்ல வைத்ததால் நேர்ந்ததும் லண்டனில்தான். 1992-ல் ஒரு பூங்காவில் இளம் தாய் ஒருவர் கொல்லப்பட்டார். ஓர் உளவியலாளர் எழுதிய விவரத்தோடு ஓர் ஆள் ஒத்துப்போகிறார் என்று, பெண் போலீஸ் ஒருவரை அந்த ஆளைக் காதலிப்பதுபோல் நடிக்க வைத்து அவன் வாயைப் பிடுங்கப் பார்த்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 1994-ல் நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். அவர் உள்ளே இருந்த நாட்களில், 1993 நவம்பரில், உண்மையான கொலையாளி இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான். பூங்காக் கொலையில் அவனைக் காட்டிக் கொடுத்தது டி.என்.ஏ. அதை அவன் ஒப்புக்கொண்டது 2008-ல்.