ஒரு அளவு பெரிதாக வாங்கினால் அகலம் கிடைக்காது: பேர்ஃபுட் மலையேற்ற பூட்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

சென்ற வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் இயன்முறை சிகிச்சை நிலையத்துக்கு, பர்வதமலை ஏறி இறங்கி வந்த மறுநாளே ஓர் இளைஞர் வந்தார். இரண்டு பெருவிரல் நகங்களும் கருநீலமாக மாறியிருந்தன. குதிகாலின் பின்புறத்தில் பட்டாணி அளவுக்குக் கொப்புளங்கள். இணையத்தில் வாங்கிய புதிய பேர்ஃபுட் பூட்ஸைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். "கால் விரல் விரிஞ்சு இருக்கணும்னுதான் மேடம் ஒரு சைஸ் பெருசா போட்டேன்" என்றார். இந்த மாதத்தில் இதே வாக்கியத்தை நான் கேட்பது நான்காவது முறை.

பூட்ஸின் உள்தாளை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் அவரை நிற்கச் சொன்னேன். விரல்களுக்கு முன்னால் ஒரு விரற்கடைக்கு மேல் இடம் வெறுமனே கிடந்தது. பக்கவாட்டிலோ, சுண்டுவிரலில் பாதி உள்தாளைத் தாண்டி வெளியே நின்றது. நீளம் தேவைக்கு மேல் இருந்தது. எதற்காக அந்தப் பூட்ஸை வாங்கினாரோ அந்த அகலம் மட்டும் இல்லை. ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு பொருளிடம் இதைக் கேட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பேர்ஃபுட் பூட்ஸ் என்பது என்னவென்று அதை வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். அடிப்பகுதி மெல்லியதாக, கையால் சுருட்டக்கூடிய அளவுக்கு வளையும். விரல் பகுதி கூம்பாமல் பாதத்தின் வடிவத்திலேயே விரிந்திருக்கும். நல்ல பொருள்தான். பதினைந்து ஆண்டுகள் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியில் விரல்களை நெருக்கி வைத்திருந்து, பெருவிரல் மற்ற விரல்களின் பக்கமாகச் சாய்ந்துபோன கால்களை நான் தினமும் பார்க்கிறேன். விரல்கள் விரிய இடம் கொடுக்கும் எந்தக் காலணியையும் நான் எதிர்க்க மாட்டேன். என் சண்டை காலணியோடு அல்ல, அதை அளவெடுக்கும் முறையோடுதான்.

இனி அந்த ஒரு அளவு பெரிது என்ற நம்பிக்கையைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அளவுமுறையில் ஒரு எண் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடுகிறது. ஐரோப்பிய முறையில் ஒரு எண்ணுக்கு 6.7 மில்லிமீட்டர் அளவில் கூடுகிறது. அகலம் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. பிரிட்டிஷ் எண்ணில் ஒரு படி ஏறினால் முன்பாதத்தின் அகலத்தில் கிடைப்பது இரண்டு மில்லிமீட்டரை ஒட்டித்தான். இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்காக எட்டரை மில்லிமீட்டர் நீளத்தை நாம் விலைக்கு வாங்குகிறோம்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எல்லாக் காலணிகளும் லாஸ்ட் என்று தொழிலில் சொல்லப்படும் கால் வடிவ அச்சின் மேல்தான் உருவாகின்றன. அந்த அச்சில் அதிக அகலமான இடம் ஒன்று உண்டு. பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரை செல்லும் கோட்டோடு அது பொருந்த வேண்டும். காலணி பெரிதானால் அந்த அகலமான இடமும் சேர்ந்து முன்னால் நகர்ந்துவிடும். உங்கள் பாதமோ அங்கேயே இருக்கும். ஆகவே பாதத்தின் அகலமான பகுதி, காலணி குறுகத் தொடங்கும் இடத்தில் போய் உட்கார்கிறது. காலணியின் அகலமான பகுதியில் விரல் நுனிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கின்றன. கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டு மில்லிமீட்டர்கூட, தேவைப்படும் இடத்தில் கிடைப்பதில்லை. அகலம் வேண்டும் என்றால் அகலமான அச்சில் செய்த காலணியைத் தேட வேண்டும். அதே நிறுவனம் அகல வகை தயாரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டும். நீளத்தைக் கூட்டி அகலத்தைப் பெற முடியாது.

சாதாரண மலையேற்ற பூட்ஸில் இந்தத் தவறைச் செய்தால் ஓரளவு தப்பிக்கலாம். அதில் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் கடினமான கவசம் இருக்கும், முனையும் உறுதியாக இருக்கும். பேர்ஃபுட் பூட்ஸில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை அல்லது மிக மென்மையாக இருக்கும். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் வேலையைக் கயிறும் கணுக்காலுக்குக் கீழே உள்ள பிடிப்பும் மட்டுமே செய்கின்றன. நீளம் அதிகமானால் இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி நகம் இடிக்கும், ஏற்றத்தில் குதிகால் மேலெழும்பி உராயும். போதாக்குறைக்கு, காலியாகக் கிடக்கும் மென்மையான முனை பாறை விளிம்பில் மடங்கித் தடுக்கும். பர்வதமலையின் கடப்பாறைப் படியில் சங்கிலியைப் பிடித்து ஏறும்போது முனை தடுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பாதம் அகலமானது என்பது வெறும் புலம்பல் அல்ல. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாண முறையில் அளந்து, இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று கண்டறிந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவுமுறையும் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்காகச் செருப்பிலேயே நடக்கும் நம் பகுதி மக்களின் கால்களில் விரல்கள் இன்னும் விரிந்தே இருப்பதை என் மேசையில் பார்க்கிறேன். குறுகலான அச்சில் செய்த எண் நமக்குப் பொருந்தாதபோது எண்ணை மாற்றி எண்ணை மாற்றிப் பார்ப்பது இயல்புதான். ஆனால் அது தவறான சாவியை இன்னொரு முறை திருகிப் பார்ப்பது.

சரி, எப்படி அளப்பது? மாலையில் அளவெடுங்கள்; காலையில் இருப்பதைவிட அப்போது பாதம் வீங்கியிருக்கும், மலையில் நான்கு மணி நேரம் நடந்த பாதமும் அப்படித்தான் இருக்கும். உட்கார்ந்து அளக்காதீர்கள். சுவரில் குதிகாலை ஒட்டி, வெள்ளைத் தாளின்மேல் முழு எடையோடு நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இன்னொருவரை வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும், கோடு பொய் சொல்லும். சுவரிலிருந்து மிக நீண்ட விரல் வரை நீளத்தை எடுங்கள். அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பலருக்கு இரண்டாம் விரலே நீளம். முன்பாதத்தின் மிக அகலமான இடத்தில் அகலத்தையும் எடுங்கள். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலை வைத்து வாங்குங்கள். நிறுவனத்தின் அட்டவணையில் எண்ணைப் பார்க்காமல், உள்நீளத்தையும் உள்ளகலத்தையும் மில்லிமீட்டரில் பாருங்கள். உள்நீளம் உங்கள் பாதத்தைவிட 10 முதல் 12 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். தடித்த காலுறை அணிபவர்கள் இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். அகலத்தில் உங்கள் பாதம் உள்தாளைத் தாண்டக் கூடாது. அட்டவணையில் அகலமே கொடுக்காத நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்; பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை விலைச்சீட்டைக் கிழிப்பது அல்ல. தயவுசெய்து அதை விட்டுவையுங்கள். மலைக்குப் போடப்போகும் அதே காலுறையை அணிந்து, உள்தாள் சோதனையைச் செய்து, கயிற்றைக் கட்டி, துடைத்த தரையில் அரை மணி நேரம் நடங்கள். பிறகு இறக்கத்தில் சோதியுங்கள். வட சென்னையில் மலை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே பாதி வீடுகளின் வாசலில் வண்டி ஏற்றுவதற்குச் சிமெண்ட் சாய்தளம் இருக்கிறது. அதன்மேல் ஒரு பழைய பாயை விரித்து, கீழ்நோக்கி முகம் வைத்து நின்று, இரண்டு மூன்று முறை பாதத்தை முன்னால் அழுத்துங்கள். விரல் நுனி முனையில் இடித்தால் கயிற்றைக் கணுக்கால் மடிப்பில் இறுக்கி மறுபடியும் பாருங்கள். அப்போதும் இடித்தால் திருப்பி அனுப்புங்கள். மேல்நோக்கி நின்று நடக்கும்போது குதிகால் லேசாக எழுவது பரவாயில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்கு எழுந்தால் அதையும் திருப்பி அனுப்புங்கள். போடப் போடச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வது பூட்ஸ் செய்த தோலின் இறுக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். நீளம் பழகாது.

அளவு சரியாக இருந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கேதான் இரண்டாவது கூட்டம் என்னிடம் வருகிறது. "நாங்க எல்லாம் செருப்பே இல்லாம வளர்ந்தவங்க, வெள்ளியங்கிரி ஏழு மலையும் வெறுங்கால்லயே ஏறுனவங்க" என்று தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம் வாதாடினார். அவர் சொன்னது பொய் அல்ல. வெறுங்காலில் நடக்கும்போது கூழாங்கல் குத்துவது உடனே தெரிகிறது, அதனால் கால் தானாகவே மெதுவாகவும் பார்த்தும் விழுகிறது. அதே கால் பூட்ஸுக்குள் போனதும் அந்த எச்சரிக்கையில் பாதி மறைந்துவிடுகிறது, வேகம் கூடுகிறது, முதுகில் எட்டுக் கிலோ பையும் ஏறுகிறது. குழந்தைப் பருவத்தில் வெறுங்காலில் ஓடிய பாதம், இடையில் இருபது ஆண்டுகளாக உயர்ந்த குதி வைத்த காலணியில் இருந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கப்பட்ட 36 ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரைப் பத்து வாரங்களில் படிப்படியாக இத்தகைய மெல்லிய காலணிக்கு மாற்றிப் பார்த்தார்கள். மாறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் பாத எலும்புகளில் நீர்கோத்தல் அதிகரித்திருந்தது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. அது எலும்பின்மேல் சுமை கூடியதன் அடையாளம். வழக்கமாக ஓடுபவர்களுக்கே இந்த நிலை. வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் இருந்துவிட்டு ஏழாம் நாள் மலை ஏறுபவர்கள் தங்களைப் பற்றி யோசித்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மாவுக்கு இரண்டாவது விரலின் பின்னால், பாதத்தின் மேற்புறத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தொட்டாலே வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் மெல்லிய கீறலாக விழும் முறிவு, ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். எலும்பு ஆறத் தொடங்கும்போதுதான் படத்தில் தெரியும். ஒன்றும் இல்லை என்ற சொல்லை நம்பி மறுபடியும் நடந்தவர்கள்தான் என் பட்டியலில் அதிகம்.

ஆகவே முதல் இரண்டு வாரம் நாளைக்கு இருபது நிமிடம், சமதரையில், பையில்லாமல். ஆடுசதையில் இழுப்பு வந்தால் கவலை வேண்டாம். குதிகாலின் உயரம் குறைந்ததால் குதிநாண் நீள வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பு ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஒற்றைக் காலில் நின்று இருபது முறை குதியைத் தூக்கி இறக்க முடியாதவர்கள் முதலில் அதற்குத் தங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிறகு வாரம் வாரம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, ரயில் நிலைய நடைமேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி, கடைசியாகத்தான் பையைச் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்கள் முடியும்வரை மலை வேண்டாம். இடையில் எலும்பின்மேல் ஒரு புள்ளியில் வலித்தால் அன்றே நிறுத்துங்கள். மலைக்குப் போகும் நாளிலும் கருவேல முள் மெல்லிய அடிப்பகுதியை எளிதில் துளைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் பாதத்தில் உணர்ச்சி முழுமையாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளாமல் இந்தப் பூட்ஸை வாங்காதீர்கள். தரையை உணரச் செய்வதுதான் இதன் பயன். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்தப் பயன் இல்லை, ஆபத்து மட்டுமே உண்டு. உள்ளே முள் ஏறியது தெரியாமலேயே நாள் முழுவதும் நடந்து, இரவில் காலுறையில் இரத்தத்தைப் பார்த்த பிறகு வந்த ஒரு பெரியவரின் புண் ஆற ஐந்து மாதங்கள் ஆயின.

பர்வதமலை இளைஞரின் வலது பெருவிரல் நகம் கழன்றுவிடும் என்று நினைக்கிறேன். புதிய நகம் முழுதாக வளர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அவர் காலுக்கு இப்போது இருப்பதைவிட ஒரு அளவு சிறியதும் அகலமானதுமான ஜோடி வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பெட்டி வந்ததும், விலைச்சீட்டைக் கிழிக்காமல், நேராக இங்கே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.