கேஷியர் இன்டர்வியூவில் "என்ட காசைப் போடுவன்" என்று சொல்லாதீர்கள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கேஷியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "கடை மூடுற நேரம் லாச்சியில ஆயிரம் ரூபாய் குறையுது. என்ன செய்வீங்க, தங்கச்சி?"

"என்ட காசைப் போட்டுச் சரிக்கட்டுவன், சேர்."

இந்தக் கிழமையும் அதே பதில்தான். நேர்மையைக் காட்டு மகள் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். நல்ல பிள்ளைகள் இந்த ஒரு பதிலால் வேலையை இழப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கைக்காசைப் போட்டால் பிழை மறைந்துபோகும், திருந்தாது. குறைவுக்கு ஒரு காரணம் இருக்கும். 2,350 ரூபாய் பில்லை வாடிக்கையாளர் கார்டில் கட்டியிருப்பார், நீங்கள் கேஷ் என்று அழுத்தியிருப்பீர்கள். இரவில் லாச்சியில் சரியாக 2,350 குறையும், கார்டு மெஷின் சிட்டையில் அதே 2,350 கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிடிபட்டுவிடும். கைக்காசைப் போட்டீர்களோ, உங்கள் காசும் போய்விடும், கார்டுக் கணக்கும் கூடியபடியே கிடக்கும். 900 குறைந்தால் நூறு ரூபாய் மிச்சம் கொடுக்கிற இடத்தில் ஆயிரம் ரூபாய்த் தாள் போயிருக்கலாம். 450 என்றால் ஐம்பதுக்கு ஐநூறு. வித்தியாசம் 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எண்ணிக்கைத் தாளையும் பாருங்கள், 1,540ஐ 1,450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. குறைவை ஓசைப்படாமல் நிரப்புகிறவர், ஐநூறு கூடினால் அதை என்ன செய்வார் என்றுதான் முதலாளி யோசிப்பார். கூடுவதும் பிழைதான். யாரோ ஒருவருக்கு மிச்சம் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

சொல்ல வேண்டிய பதில் இது: "திரும்ப எண்ணுவன். கார்டுச் சிட்டைகளையும் ரத்துச் செய்த பில்களையும் பார்ப்பன். அப்பவும் குறைஞ்சால் சூப்பர்வைசருக்குச் சொல்லி, எழுதிக் கையெழுத்து வைப்பன்."

கணக்குப் பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரி என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. கழித்தலை மெஷின் செய்யும். 640 ரூபாய் பில்லுக்கு ஒருவர் 1,040 நீட்டினால் நாற்பதைத் திருப்பிக் கொடுக்காமல் 400 கொடுக்கத் தெரிந்தால் போதும். அவர்கள் கவனிப்பது உங்கள் கையை. அதே 640 ரூபாய் பில்லுக்கு 5,000 ரூபாய்த் தாளை வாங்கியதும் "ஐயாயிரம் தந்தீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளை லாச்சிக்குள் போடாமல் மேலே வையுங்கள். மிச்சம் 4,360ஐ இரண்டு தரம் எண்ணிக் கொடுத்த பிறகுதான் அது உள்ளே போக வேண்டும். முதலிலேயே போட்டுவிட்டால், தந்தது ஐயாயிரமா ஆயிரமா என்ற சண்டையில் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

தாளில் சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியையும் பாதுகாப்பு நூலையும் பாருங்கள். "கள்ளக் காசு" என்று சத்தம் போடாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். இதையும் இன்டர்வியூவில் கேட்பார்கள். அம்பாறை டவுன் பக்கம் போகிறவர்கள் விலை சொல்லுமளவுக்காவது சிங்களத்தில் எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, கேள்வி கேட்கிற உரிமை உங்களுக்கும் இருக்கிறது, தயவுசெய்து கேளுங்கள். காலையில் தரும் சில்லறைக் காசை என் முன்னால் எண்ணித் தருவீர்களா? என் லாகினில், அதாவது என் பெயரில் திறந்த மெஷினில், வேறு யாராவது இருப்பார்களா? கடை மூடிய பிறகு கணக்கு முடிக்கிற நேரம் வேலை நேரத்தில் சேருமா? பெருநாள், சித்திரை வருசக் காலங்களில் "அஞ்சு நிமிசம் இருங்கோ" என்று இன்னொருவரை உங்கள் லாகினில் உட்கார வைத்தால், அந்த நேரத்துப் பிழையும் உங்கள் பெயரில்தான் விழும்.

அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் எதையும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிரதி போதும். வேலை தர முற்பணம் கேட்டால் எழுந்து வாருங்கள். நியமனக் கடிதத்தில் சம்பளமும் வேலை நேரமும் இருக்கிறதா என்று வாசியுங்கள். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் முதலாளியுடையது. அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.