பைரசி – கள்ளப்படி

வீடியோ கேம் விலை ஏறும்போதெல்லாம், உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் படியெடுப்பதைக் குறிக்கும் ‘பைரசி’ என்ற சொல்லும் கூடவே கிளம்பும். பெரிய நிறுவனங்களின் புது கேம் நெடுநாள் 60 டாலருக்கு விற்றது. 2020-இல் புதிய கன்சோல்கள் வந்தபோது பல கேம்களுக்கு அது 70 ஆனது. இந்த விலை வைத்தால் பைரசி பெருகத்தான் செய்யும் என்கிறார்கள் வாங்குவோர். பைரசி இருக்கும்போது விலையை எப்படிக் குறைப்பது என்கிறார்கள் விற்போர். இரு தரப்பும் விடாமல் பிடித்திருக்கும் அந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருத்தமான பெயர் எது?

கிரேக்கத்தில் ‘பெய்ரா’ என்றால் முயற்சி. துணிந்து பாய்பவன், தாக்குபவன் என்ற பொருளில் அதிலிருந்து ‘பெய்ராடெஸ்’ பிறந்தது. லத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்து ‘பைரேட்’ ஆனது. வெகுகாலம் அது கடற்கொள்ளையனை மட்டுமே குறித்தது. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில்தான் சொல் கரையேறியது. புத்தக வணிகர் சங்கப் பதிவேட்டில் ஒருவர் பதிந்துவைத்த நூலை வேறொருவர் அச்சிட்டு விற்றால், அவரைப் பைரேட் என்று ஏசினார்கள். 1710-இல் பதிப்புரிமைச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் அந்த ஏச்சு ஓயவில்லை. நாளடைவில் சட்டச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அறிவுசார் சொத்துரிமை பற்றி உலக நாடுகள் செய்த 1994-இன் டிரிப்ஸ் ஒப்பந்தம், உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்ட படி என்ற பொருளில் அதை வரையறுக்கிறது.

தமிழில் நாம் வழக்கமாகச் சொல்வது ‘திருட்டு’: திருட்டு சிடி, திருட்டுப் பதிவிறக்கம். கேட்டவுடன் புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் திருட்டு என்றால் பொருள் உடையவரின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். கேம் அப்படிப் போவதில்லை. படைத்தவரிடம் கேம் அப்படியே இருக்கிறது. அவருக்கு வந்திருக்க வேண்டிய பணம்தான் வராமல் போகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985-இல் டௌலிங் வழக்கில் இந்த வேறுபாட்டைப் பார்த்தது. அனுமதியின்றித் தயாரித்த இசைத்தட்டுகளைத் திருடப்பட்ட பொருள்கள் பற்றிய சட்டத்தின்கீழ் கொண்டுவர முடியாது, பதிப்புரிமை மீறல் தனிக் குற்றம் என்றது.

‘கள்ள’ என்ற அடையைப் பாருங்கள். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளச்சந்தை, கள்ளத்தோணி. களவோடு ஒரே வேரில் பிறந்தாலும், அடையாக வரும்போது இது ‘உரிமை பெறாமல் மறைவாக’ என்ற பொருளையே தருகிறது. கள்ளநோட்டு அடித்தவன் யாருடைய நோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அடிக்க உரிமை இல்லாததை அடித்தான். பைரசியில் நடப்பதும் இதுவே. ஆகவே பைரேட் காப்பிக்குக் ‘கள்ளப்படி’ என்பதே நான் பரிந்துரைக்கும் சொல். கையெழுத்துப்படியில் இருக்கும் அதே ‘படி’. நகல் உருது வழி வந்தது, பிரதி வடசொல். பழகிவிட்டதால் கள்ள நகல், கள்ளப்பிரதி என்றாலும் குறையில்லை. செயலைக் குறிக்கக் ‘கள்ளப்படியெடுப்பு’. கேமின் பூட்டை உடைத்து வரும் ‘கிராக்’ பதிப்பைப் பூட்டுடைத்த பதிப்பு என்று சொல்லலாம். பைரசியைக் காப்புரிமை மீறல் என்று எழுதுவது பிழை. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. இங்கே வருவது பதிப்புரிமை.

விலைப் பேச்சிலும் இந்த அடை உதவும். திருட்டு என்றவுடன் மனம் பூட்டைத் தேடிப் போகிறது. 2014-இல் வந்த டெனுவோ போன்ற பூட்டு மென்பொருள்கள் அந்த வழி. கள்ளச்சந்தை என்றால் வேறு கேள்வி எழும்: நேர்ச்சந்தையில் பொருள் ஏன் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் ஏன் கட்டுப்படியாகவில்லை? அமெரிக்காவின் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் 2011-இல் வளரும் நாடுகளை ஆராய்ந்து, பைரசி அடிப்படையில் உலகளாவிய விலைச் சிக்கல் என்றது. இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் அதே ஆண்டில், அது பெரும்பாலும் சேவைச் சிக்கல், விலைச் சிக்கல் அல்ல என்றார். அவர் காட்டிய சான்று ரஷ்யா. ரஷ்யர்கள் எல்லாவற்றையும் கள்ளப்படியாகவே எடுப்பார்கள் என்று புலம்பும் நிறுவனங்கள்தாம், ரஷ்ய மொழியில் கேமைக் கொடுக்க ஆறு மாதம் இழுத்தடிக்கின்றன என்றார்.

விலையை அடிமட்டத்துக்குக் குறைத்தாலே கள்ளப்படி ஒழிந்துவிடும் என்று நம்புவோருக்கு 2013-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் ‘கேம் டெவ் டைகூன்’ கேமை 7.99 டாலருக்கு வெளியிட்டது. கூடவே, பூட்டுடைத்த பதிப்பு என்று சொல்லித் தானே ஒன்றை, கோப்புகளை ஆளுக்காள் பகிரும் டொரண்டில் ஏற்றியது. முதல் நாள் முடிவில் விலை கொடுத்தோர் 214 பேர், கள்ளப்படியில் ஆடியோர் 3,104 பேர். அந்தக் கள்ளப்படியில் ஒரு மாற்றம் இருந்தது. கேமுக்குள் நாம் நடத்தும் நிறுவனம் ஓரளவு வளர்ந்ததும், நம் கேம்களைப் பலர் வாங்காமல் கள்ளமாக இறக்கி ஆடுகிறார்கள் என்ற செய்தி வரும். பிறகு வருமானம் சரியும், நிறுவனம் திவாலாகும். இதைத் தடுக்க ஏதாவது வழி உண்டா என்று அந்தக் கள்ளப்படியில் ஆடியவர்களே இணையத்தில் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு கேமைச் செய்த சிறு குழுவுக்கு அந்த 3,104 என்ற எண் எப்படி வலித்திருக்கும் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் விலை முக்கியமில்லை என்று ஆகிவிடாது. ‘விலை’ என்றால் சீட்டில் அச்சிட்ட தொகை மட்டுமா? காத்திருப்பு, கையில் இல்லாத அட்டையைக் கேட்கும் கட்டண முறை, புரியாத மொழி, வாங்கியவரையே சந்தேகிக்கும் பூட்டு எல்லாம் சேர்ந்ததே வாங்குபவர் தரும் விலை. போலந்தில் கேம் விற்பனை நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் 1999-இல் ‘பால்டர்ஸ் கேட்’ கேமைக் கொண்டுவந்தபோது, தொகையில் கள்ளப்படியோடு போட்டிபோட முடியாது என்று தெரிந்தே இறங்கியது. போலிஷ் மொழிக் குரல்கள், பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம் என்று கள்ளப்படிக்காரர் தர முடியாததைத் தந்து விற்றது.

நாட்டுக்கேற்ற விலை என்ற முறையும் இதே தேவையிலிருந்து வந்ததுதான். வருமானம் குறைந்த நாட்டில் தொகையைக் குறைத்து வைப்பார்கள். அது உறுதியான ஏற்பாடு அல்ல. 2023 நவம்பரில் ஸ்டீம், நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டி அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்ளூர் நாணய விலையை நீக்கி டாலருக்கு மாறியது. அங்கே பல கேம்களின் விலை ஒரே நாளில் பல மடங்கானது.

விலையே இல்லாத கேம்களும் இருக்கின்றன, விற்பனையை நிறுத்திவிட்டதால். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. அவற்றை இறக்கி ஆடுவதும் சட்டப்படி கள்ளப்படியெடுப்பே. காசு கொடுத்து ஆட விரும்புவோருக்கும் அங்கே நேர்ச்சந்தை என்று ஒன்று கிடையாது.