இலக்கியமும் லட்சியமும் ஒரே சொல்தான்

“மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா” என்பாள் பெண் பார்த்துவிட்டு வந்த அத்தை. “நான் சொன்னா லட்சியமே பண்ண மாட்டேங்கிறான்” என்று மகனைப் பற்றிக் குறைப்படுவாள் அம்மா. அத்தை சொன்ன லட்சணம்தான் இலக்கணம். அம்மா சொன்ன லட்சியம்தான் இலக்கியம். பள்ளியில் தமிழ் படித்த பலருக்கும் இது வியப்பாக இருக்கும்.

லக்ஷணம் என்றால் ஒன்றை இன்னது என்று காட்டும் குறி. லக்ஷ்யம், அந்தக் குறியால் குறிக்கப்படுவது. தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் முன்னே ஓர் இகரம் சேர்ந்து இலக்கணம், இலக்கியம் என்று ஆயின. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இப்படித்தான் வடமொழி மூலம் காட்டுகிறது. தேவநேயப் பாவாணர் போன்றவர்களோ ‘இலக்கு’ என்பதைத் தமிழ் வேராகவே கொண்டார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் சொல்லின் நடுவே இருப்பது ‘குறி’ என்ற பொருள்தான்.

கதை, கவிதை என்ற பொருள் எங்கே போயிற்று? அது பின்னால் வந்தது. ‘இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் இயம்பலின்’ என்று நன்னூலில் ஓர் அடி வரும். மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்போம். ஆனால் அது காவியத்தைப் பற்றிய பேச்சே இல்லை; பெயர்ச்சொல்லில் வரும் இடைநிலையைப் பற்றிய நூற்பா. ஏற்கெனவே வழங்கிவரும் சொல்லே அங்கு இலக்கியம். அதைப் பார்த்து விதி சொல்வது இலக்கணம்.

சரி, லிட்டரேச்சர் என்று இன்று நாம் சொல்வதற்குப் பழந்தமிழில் என்ன பெயர்? செய்யுள். செய்யப்படுவது எதுவோ அது. இன்று செய்யுள் என்றதும் மனப்பாடப் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சுருக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. தொல்காப்பியர் செய்யுளுக்குள் எதையெல்லாம் வைத்தார் என்று பாருங்கள்: ‘பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே அங்கதம் முதுசொல்’. உரைநடை உண்டு, வாய்மொழி என்ற பெயரில் மந்திரம் உண்டு, அங்கதம் என்ற பெயரில் வசை உண்டு, பழமொழிகூட உண்டு. பிசி என்பது விடுகதை. ‘பிறைகவ்வி மலைநடக்கும்’ என்று உரையாசிரியர் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். பிறைபோல் வளைந்த தந்தங்களோடு மலை ஒன்று நடந்து வருகிறது, விடை யானை. நான்கே சொல்தான், அதுவும் செய்யுள். சங்க இலக்கியம் என்று நாம் சொல்லும் பாடல்களைப் பழைய உரைகாரர்கள் ‘சான்றோர் செய்யுள்’ என்றே குறித்தார்கள்.

லிட்டரேச்சர் என்ற சொல்லோ எழுத்து என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதனால் அங்கே ‘வாய்மொழி இலக்கியம்’ என்றால் சொல்லுக்குள்ளேயே ஒரு முரண் வந்துவிடுகிறது. செய்யுளுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. பாட்டி போடும் விடுகதையும் செய்யப்பட்டதுதானே.

தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றும் சாகித்தியம் என்கின்றன. சொல்லும் பொருளும் சேர்ந்திருப்பது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். தமிழில் அது பெரும்பாலும் கச்சேரி மேடையில், பாட்டின் வரிகளைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது.

அப்புறம், புத்தகத்தைக் குறிக்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு: நூல், பனுவல். புத்தகத்துக்கும் தையல் நூலுக்கும் ஏன் ஒரே பெயர் என்று நன்னூல் ஒரு வெண்பாவில் காட்டுகிறது. சொல்தான் பஞ்சு. பனுவல் இழை. புலவன் நூற்கும் பெண். அவன் வாய் அவளுடைய கை. அவன் மதி, அதாவது அறிவு, அவளுடைய கதிர், நூல் சுற்றும் தண்டு. தக்களி சுற்றிப் பழகியவர்களுக்கு இந்த உவமை உடனே புரியும். விரல்கள் பஞ்சைச் சீராக விட வேண்டும். கொஞ்சம் கூடினால் திரடு தட்டும், குறைந்தால் அறுந்துவிடும். வாக்கியமும் அப்படித்தான் கெடுகிறது.

டெக்ஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆய்வாளர்கள் இன்று பனுவல் என்று எழுதுகிறார்கள். சிலர் பிரதி என்கிறார்கள். அது காப்பி என்ற பொருளையும் இழுத்து வருவதால் குழப்பும். பனுவலே பொருத்தம். டெக்ஸ்ட்டின் லத்தீன் மூலமும் நெய்தலைக் குறிப்பதுதான். அங்கே தறி, இங்கே பஞ்சு.

அந்தப் பஞ்சைப் புறநானூற்றின் 125ஆம் பாட்டில் இன்னும் தொட்டுப் பார்க்கலாம். ‘பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன’ என்று தொடங்குகிறது. பருத்தி நூற்கும் பெண்ணின் பஞ்சைப் போல மெத்தென்று இருக்கிறதாம், விருந்தில் பரிமாறிய கொழுத்த இறைச்சித் துண்டு. அங்கே பனுவல் இன்னும் புத்தகமாகவில்லை, வெறும் பஞ்சுதான்.