நாய்க்கு நம் பற்பசையும் சோப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை

ஐந்தாறு வயதான வீட்டு நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கி, கன்னத்தை ஒட்டியிருக்கும் பெரிய பல்லைப் பார்த்தால், பெரும்பாலும் அதன் வெளிப்புறத்தில் மஞ்சளும் பழுப்புமாகக் காறை ஏறியிருக்கும். நாயின் 42 நிரந்தரப் பற்களில் அந்தப் பல்லில் காறை முந்திக்கொண்டு படிவதற்குக் காரணம் உண்டு. காதுக்குக் கீழே உள்ள பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அதன் அருகில்தான் வாய்க்குள் திறக்கிறது. கால்சியம் உப்புகள் கரைந்த உமிழ்நீர் முதலில் நனைப்பது அந்தப் பல்லைத்தான்.

மனிதரின் உமிழ்நீர் ஏறக்குறைய நடுநிலையில், அதாவது அமில-கார அளவைக் குறிக்கும் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கிறது. நாயின் உமிழ்நீரோ காரத்தன்மை மிகுந்து 8-ஐ ஒட்டி இருக்கிறது. அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும். காரச் சூழலில் கால்சியம் உப்புகள் எளிதில் படிந்து இறுகும். அதனால்தான் நமக்குச் சொத்தை பெரும் தொல்லையாகவும், நாய்க்குக் காறை பெரும் தொல்லையாகவும் அமைந்துவிட்டன. மாவுச்சத்தை வாயிலேயே சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி நம் உமிழ்நீரில் இருப்பதுபோல் நாயின் உமிழ்நீரில் இல்லை என்பதால், நாள்தோறும் தயிர்சோறு தின்னும் நாய்க்கும் சொத்தை அரிதாகவே வருகிறது. நாமோ நம் வாயை வைத்துக் கணக்கிட்டு, கறுப்புக் குழி எதுவும் தெரியவில்லை என்றதும் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நோய் ஈறுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கும்.

பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திலேயே அதன்மேல் பாக்டீரியாக்களின் மெல்லிய படலம் உருவாகத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாட்களில் கால்சியம் ஏறி அந்தப் படலம் கல்லாக இறுக ஆரம்பிக்கிறது. படலமாக இருக்கும்வரை பிரஷ் போதும்; காறையாகிவிட்டால் பிரஷால் ஆகாது. சொரசொரப்பான காறையின்மேல் புதிய படலம் இன்னும் எளிதாகப் பற்றிக்கொண்டு மெல்ல ஈறுக்குக் கீழே இறங்க, அங்கே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களை வெளியிடுகின்றன. வாய் நாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான். ஈறு சிவந்து வீங்கிய நிலையில் சுத்தம் செய்தால் அது பழைய நிலைக்குத் திரும்பும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் திரும்பாது. பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். லாப்ரடாருக்கு இருக்கும் அதே 42 பற்களும் அவற்றின் சிறு தாடைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன.

பல் துலக்குவதை வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், படலம் இறுகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. நாள்தோறும் செய்வதே பயன் தரும். பற்களின் உட்பக்கத்தை நாக்கு ஓரளவு துடைத்துவிடுவதால், கன்னத்தை நோக்கிய பக்கத்தில் கவனம் வைத்தால் போதும். நம் பற்பசையை மட்டும் தொடக்கூடாது. நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. ஃபுளோரைடு வயிற்றுக்குள் போகும். சில பற்பசைகளிலும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு அதைவிடக் கொடியது. அது நாயின் கணையத்தை ஏமாற்றி இன்சுலினைப் பெருமளவில் சுரக்கவைத்து, ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடுகிறது. எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கையிலும் பாதிதான் உண்மை. நாயின் எனாமல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. கடினமான எலும்பைக் கடிக்கையில் முதலில் சொன்ன அந்தப் பெரிய பல்லே பிளந்துபோவதுண்டு, பின்னர் வேரில் சீழ் கட்டிக் கண்ணுக்குக் கீழே வீக்கமாக அது வெளிப்படும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதாவது பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காமலிருப்பது நல்லது.

தோலிலும் இதே கணக்குப் பிழை நேர்கிறது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். 5-க்குச் சற்று மேலே. நாயின் தோல் இனத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறினாலும் பெரும்பாலும் 7-ஐ ஒட்டி நிற்கிறது. நம் மேல்தோலில் பத்துப் பதினைந்து அடுக்கு உயிரணுக்கள் இருக்கும் இடத்தில் நாய்க்கு மூன்று முதல் ஐந்து அடுக்குகளே உள்ளன. ரோமம் காவலாக இருப்பதால் தோல் தடித்திருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. செங்கற்களுக்கு இடையே சாந்து போல இந்த உயிரணுக்களை ஒட்டிவைத்திருப்பது கொழுப்புப் பொருள்கள். அடிக்கடி சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது அந்தச் சாந்துதான் கரைந்து போகிறது. பிறகு தோலில் எப்போதும் அமைதியாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் மலாசீசியா என்ற ஈஸ்டும் பெருகுகின்றன. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் காது மடிந்து தொங்கும் நாய்களின் காதுக்குள்ளிருந்து வரும் புளித்த வாடை பல சமயம் இந்த ஈஸ்டின் வேலை.

மருந்து ஷாம்பூவைப் போட்டதும் கழுவிவிடுவது பணத்தை வடிகாலில் விடுவதற்குச் சமம். பத்து நிமிடமாவது அது தோலில் நிற்க வேண்டும். குளித்தபின் விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும்.

எங்கே சொறிகிறது என்பதே காரணத்தைப் பாதி சொல்லிவிடும். வாலடியிலும் இடுப்பின் மேற்புறத்திலும் முடி உதிர்ந்து புண்ணானால் தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர் ஒவ்வாமையை முதலில் நினைக்க வேண்டும்; அதற்குச் சில கடிகளே போதும், உடம்பெங்கும் பூச்சி தெரிய வேண்டியதில்லை. பாதம், அக்குள், வயிறு, காது ஆகிய இடங்கள் சிவந்தால் தூசி, மகரந்தம், உணவு போன்றவற்றின் ஒவ்வாமையாக இருக்கலாம். காது விளிம்பும் முழங்கையும் தடித்துச் செதில் கட்டினால் சொறிப்பூச்சி. காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்ததும் பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கும், வீட்டில் இருப்பவருக்கும் சில நாள் அரிப்பு வரலாம். குட்டியின் கண்ணைச் சுற்றி முடி உதிரும் டெமோடெக்ஸ் பாதிப்பு வேறு வகை. அந்த நுண்பூச்சி பால் குடிக்கும் முதல் நாட்களில் தாயிடமிருந்து வருவது, மனிதருக்குத் தொற்றாது. காரணம் எதுவானாலும் பழைய எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ பூசும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் தொடர்கிறது. தோலைப் பொசுக்குவதோடு, நாய் நக்கும்போது விஷமாக உள்ளேயும் போவதால் இது சிகிச்சையே ஆகாது.

உண்ணிகளை நாயின் உடம்பில் மட்டும் பொறுக்கினால் தீராது. பழுப்பு நாய் உண்ணி ரத்தம் குடித்து வீங்கியதும் கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. இளம் உண்ணியும் ஒவ்வொரு பருவத்திலும் இறங்கித் தோலுரித்து மீண்டும் ஏறுகிறது. எர்லிக்கியா, பபீசியா போன்ற ரத்தக் கிருமிகளைப் பரப்புவதும் இந்த உண்ணியே என்பதால், நாய்க்கு மருந்தும் கொட்டகைக்குச் சுத்தமும் சேர்ந்தே நடக்க வேண்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிராபத்து. இரண்டையும் வளர்ப்பவர்கள் லேபிளைப் படிக்காமல் வாங்கக்கூடாது.

வாயையும் தோலையும் தனித்தனியே பார்ப்பவர்கள் தவறவிடும் ஒரு தடயம் முன்பற்களில் இருக்கிறது. மாதக்கணக்கில் அரிப்பால் வாடும் நாய் கொறிப்பதைப் போலத் தன் தோலையே கவ்விக் கவ்வி இழுத்து, முன்வரிசை வெட்டுப்பற்களைத் தட்டையாகத் தேய்த்துவிடுகிறது. அந்தப் பற்களின் ஈறு ஓரத்தில் முடித் துணுக்குகளும் சிக்கியிருக்கும். பல்லைக் காட்ட வந்த நாயிடம் இதைக் கண்டால், மருத்துவர் அடுத்து விரித்துப் பார்ப்பது அதன் கால்விரல் இடுக்குகளை.